பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், வாக்குரிமையை ஏன் மறுத்தார்?

சர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி நம் மாணவர்கள் மேடையில் பேசினால் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடும். 1915-இல் இலங்கையில் கலவரம் மூண்டது, ஆங்கிலேய அரசு சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியது, அவர்களுக்காக ஒரு தமிழர் லண்டன் வரை போய் வாதாடினார், திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றார்கள். கைதட்டல் எழும். மாணவர் வணக்கம் சொல்லி இறங்கிவிடுவார். பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தபோது இதே பேச்சைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காட்சி பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகும் அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பதினான்கு ஆண்டுகளின் கடைசிப் பகுதியில், இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கூடாது என்று உறுதியாகச் சொன்னவர்களுள் ஒருவராக அவர் நின்றார். நான் கேட்ட பேச்சு எதிலும் இது வந்ததில்லை. இதையும் சேர்த்துத்தான் அவரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பதினெட்டு வயதிலேயே வாக்களிக்கும் தலைமுறை நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்கு வண்டி இழுத்த கதையைவிட இந்தக் கதைதான் அதிகம் பயன்படும்.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1851-இல் கொழும்பில் பிறந்தவர். சாதாரணக் குடும்பமில்லை. தாய்வழித் தாத்தா குமாரசாமி முதலியார், 1835-இல் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டவர். தாய்மாமன் சர் முத்துக்குமாரசுவாமியும் அதே நாற்காலியில் அமர்ந்தவர். 1879-இல் மாமன் இறந்ததும் இருபத்தெட்டு வயது இராமநாதனுக்கு அது வந்து சேர்ந்தது. வாக்கு கேட்டு யார் வீட்டு வாசலிலும் நின்று பெற்ற பதவியில்லை. ஆளுநர் நியமிக்கும் பதவி. இதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

வழக்கறிஞராக அவர் எட்டிய உயரம் பெரிது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்தத் தொகுதிகள் அவர் பெயராலேயே வழங்கின. 1892 முதல் 1906 வரை இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். 1885-இல் வெசாக் தினத்தைப் பொது விடுமுறையாக்கும் முயற்சியில் சைவரான அவர் பௌத்தர்களுக்குத் துணை நின்றார். தந்தை கொச்சிக்கடையில் கட்டிய சிவன் கோவிலை 1907 தொடங்கிக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். கொழும்பு போகும் நம்மவர்கள் இன்றும் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

1911-இல் வந்தது அவருடைய அரசியல் வாழ்வின் அடுத்த கட்டம். படித்த இலங்கையர் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சட்டசபையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டு, அதற்கு முதல்முறையாகத் தேர்தல் நடந்தது. வாக்காளர்கள் சுமார் மூவாயிரம் பேர். நாடு முழுவதற்கும் மூவாயிரம்! அவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்கள். அவர்களோ சிங்களவரான டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை விட்டுத் தமிழரான இராமநாதனைத் தேர்ந்தெடுத்தார்கள். இன வேறுபாடு பாராத பொற்காலம் என்று இதை மேடையில் உருகிச் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர்கள் இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ சாதியைச் சேர்ந்தவர். கொவிகம சாதிச் சிங்களவர்கள் பலர், கராவ சாதிக்காரர் ஒருவர் மேலே வருவதைவிட வேளாளத் தமிழர் வருவதே மேல் என்று நினைத்தார்கள். பொற்காலத்துக்குள்ளே சாதிக் கணக்கு இருந்தது. அன்றைய அரசியல் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி 1915. மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சிங்களவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலானது. ஆளுநர் சர் ராபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2-ஆம் தேதி இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அதன் பெயரில் நடந்தவை கொடுமையானவை. விசாரணையின்றிச் சுட்டார்கள். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட தலைவர்கள் சிறையில் அடைபட்டார்கள். இராமநாதன் சட்டசபையில் ஆளுநரின் முகத்துக்கு நேரே இவற்றைக் கேட்டார். பிறகு, உலகப்போர் நடந்துகொண்டிருக்க, நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்த கடலில், அறுபத்து நான்கு வயதில் லண்டனுக்குக் கப்பலேறினார். சால்மர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அசாத்தியத் துணிச்சல்தான், ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் மேடைப் பேச்சுகளில் ஒரு தரப்பு காணாமல் போகிறது. அந்தக் கலவரத்தில் அடிபட்டவர்கள் யார்? முஸ்லிம்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அரசுக் கணக்குப்படியே 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,000-க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன. அரசின் அத்துமீறலை எதிர்த்து அவ்வளவு உரக்கப் பேசிய இராமநாதன், தங்கள் இழப்பைப் பற்றி அதே வேகத்தில் பேசவில்லை என்ற வருத்தம் இலங்கை முஸ்லிம்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. அதற்கு முன்பே 1880-களில், இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழர்களே என்று அவர் வாதிட்டிருந்தார். அவர்களுக்கெனத் தனிப் பிரதிநிதி தேவையில்லை என்று சொல்வதற்கான வாதமாகவே அது அவர்கள் காதில் விழுந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூலே எழுதினார். நம் நாட்டுத் தமிழ் வகுப்பறைகளில் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடுவே வண்டி இழுத்த கதையை மட்டும் சொன்னால், அது பாதிக் கதை.

இப்போது கல்லூரிக்கு வருகிறேன். 1913-இல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். சொந்தப் பணம், சொந்த உழைப்பு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சைவத்தைத் தழுவிய அவருடைய இரண்டாம் மனைவி லீலாவதி அம்மையார் அதன் பொறுப்பைத் தோளில் தாங்கினார். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்றால் மிஷன் பள்ளிகளை நாட வேண்டியிருந்த காலம். சைவச் சூழலில், தங்கிப் படிக்கும் வசதியோடு ஒரு பெண்கள் கல்லூரி என்பது பெரிய காரியம். பின்னர் ஆண்களுக்குத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது. அந்த வளாகத்தில்தான் 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பிறந்தது. மலாயாவின் ரயில்வேயிலும் கருவூலத்திலும் நில அளவை இலாகாவிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தவர்கள் அவருடைய பெயரைக் கூடவே கொண்டுவந்ததில் வியப்பென்ன?

1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையில் நால்வர் ஆணையம் கொழும்பு வந்தது. இலங்கைக்கு எப்படிப்பட்ட அரசியலமைப்பு வேண்டும் என்று எல்லாரையும் கேட்டது. அன்று எழுத்தறிவும், வருமானமோ சொத்தோ உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு. 1924 தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். இதை விரிவாக்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கேட்டார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் கேட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணையத்தார் வினவியபோது, ஆமாம், அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் ஆக்னஸ் டி சில்வா பதில் சொன்னார்.

இராமநாதனின் சாட்சியம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. பெண்களுக்கும், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும் வாக்குக் கொடுத்தால் அது கும்பலாட்சியில் முடியும், இந்து வாழ்க்கை முறைக்கே பொருந்தாது என்பது அவருடைய வாதம். மருதனார்மடத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கல்லூரி நடத்திவந்தவர் சொன்னது இது. அந்தக் கல்லூரி மாணவி தமிழும் ஆங்கிலமும் படிக்கலாம், சமய நூல்களில் தேறலாம், நாளை ஓர் ஆசிரியையாகலாம். ஆனால் தன்னை ஆள்வது யார் என்று சொல்ல அவளுக்குத் தகுதியில்லை.

இது முரண்பாடு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய பார்வையில் இரண்டும் ஒரே நூலில் கோத்தவை. கல்வி என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இரக்கத்தோடு கொடுக்கும் கொடை. வாக்கு அப்படியில்லை, அது கீழே இருப்பவர் கையில் போய்விட்டால் மேலே இருப்பவர் அவரிடம் வந்து கேட்க வேண்டும். தாத்தாவுக்கும் மாமனுக்கும் பிறகு நியமனத்தால் நாற்காலி பெற்றவருக்கு, மூவாயிரம் பேர் வாக்களித்த தேர்தலில் வென்றவருக்கு, இது தலைகீழான உலகமாகத் தெரிந்திருக்கும்.

அவருக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பயந்தது சாதிக்காகவும் பெண் என்பதற்காகவும் மட்டுமில்லை. டொனமூர் ஆணையம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கச் சொன்னது. அதோடு எல்லாருக்கும் வாக்கு என்றால், எண்ணிக்கையில் பெரிய சிங்களச் சமூகத்தின் கை ஓங்கிவிடும், தமிழர் ஒதுக்கப்படுவார்கள் என்று அவர் அஞ்சினார். டொனமூர் வந்தால் தமிழர் இல்லை என்று ஆங்கிலத்தில் எதுகையோடு அவர் சொன்னதாக ஒரு வாசகம் இன்றும் வழங்குகிறது. 1929 டிசம்பரில் சட்டசபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 19, எதிர்ப்பு 17. எழுபத்தெட்டு வயது இராமநாதன் எதிர்த்தவர்கள் பக்கம். அதன் பிறகும் விடவில்லை. லண்டன் போய் வாதாடிப் பார்த்தார். இந்த முறை லண்டன் கேட்கவில்லை. 1930 நவம்பர் 26-ஆம் தேதி காலமானார்.

அவர் பயம் வீண் போகவில்லையே, 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பான்மையின் வாக்கு சிறுபான்மையை நசுக்க முடியும் என்பதை இலங்கை உலகத்துக்கே காட்டியது. அதை அவர் முன்கூட்டியே கண்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயைச் சரியாகக் கண்டவர் மருந்தில் தவறினார் என்பதே என் கருத்து. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வாக்கே வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் சுமார் 5 லட்சத்து 17 ஆயிரம். இந்தியத் தமிழர், அதாவது பெரும்பாலும் தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர், 6 லட்சத்துக்கும் மேல். எல்லாருக்கும் வாக்கு என்றால் அந்த 6 லட்சம் பேர் கொண்ட சமூகமும் தமிழ் வாக்காளர் கூட்டத்தில் சேரும். சிங்களத் தலைவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் அவர்கள் விடாமல் அழுத்தம் கொடுத்துத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிலையான குடியிருப்பு உண்டா, ஐந்தாண்டு ஆயிற்றா என்று நிபந்தனைகள் போட வைத்தார்கள். அப்படியும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வாக்கும் போயிற்று. இலங்கையில் தமிழரின் பலம் குறைந்த பெரிய கணம் எது என்று கேட்டால், வாக்குக் கொடுத்த 1931-ஐச் சொல்ல மாட்டேன்; வாக்கைப் பறித்த அந்த ஆண்டுகளைத்தான் சொல்வேன். இராமநாதன் தொழிலாளியின் கையில் வாக்கைப் பார்க்க அஞ்சினார். அந்த வாக்குதான் தமிழருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரிய கவசம்.

அவர் காலத்துத் தமிழ்ப் பெருமக்கள் எல்லாருமே இப்படித்தான் நினைத்தார்கள், அந்தக் காலம் அப்படி என்றும் சமாதானம் சொல்ல முடியாது. சொந்தத் தம்பியே வேறு மாதிரி இருந்தார். சர் பொன்னம்பலம் அருணாசலம், போட்டித் தேர்வெழுதி இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர், அவரும் வழக்கறிஞர் படிப்புப் படித்தவர்தான். 1919-இல் இலங்கைத் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவரானார். அதே ஆண்டில் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்து, வேலையை விட்டுப் போன தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்கப் போராடினார். தமிழருக்குத் தந்த வாக்குறுதியைச் சிங்களத் தலைவர்கள் மீறியபோது 1921-இல் காங்கிரஸை விட்டும் வெளியேறினார். தமிழர் உரிமைக்குக் குரல் கொடுப்பதும் கூலித் தொழிலாளியின் பக்கம் நிற்பதும் ஒரே மனிதரால் முடிந்தது, அதுவும் ஒரே வீட்டில் வளர்ந்தவரால். நம் தாத்தா பாட்டிமார் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அண்ணனைவிடத் தம்பிதான் நெருக்கமானவராகப் படுகிறார். எனக்குப் படுகிறார். ஆனால் பேச்சுப் போட்டித் தலைப்புப் பட்டியலில் தம்பியின் பெயரை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். 2019-இல் நம் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தானியங்கிப் பதிவும் கூடவே வந்தது. 2018 பொதுத் தேர்தலில் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022-இல் 2 கோடியே 11 லட்சமானார்கள். உண்டி 18 இயக்கம் இதற்காக அலைந்த காலத்தில் காப்பிக் கடைகளில் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், டிக்டாக்கைப் பார்த்துப் போடுவார்கள், முதலில் படிக்கட்டும் பிறகு வாக்களிக்கட்டும். கும்பலாட்சி என்ற சொல் மட்டும்தான் இல்லை. நன்றாகப் படித்தவர்கள், பிள்ளைகளின் கல்விக்காகப் பணம் திரட்டுகிறவர்கள், நல்லவர்கள் இப்படிப் பேசினார்கள். நல்லவர்களும் இதைச் சொல்ல முடியும் என்பதற்கு இராமநாதனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தமிழில் இல்லை.

ஆகவே தமிழ்மொழிக் கழக ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. புகழுரை கேட்பதை விட்டு, வாதப் போட்டி வையுங்கள். டொனமூர் ஆணையம் முன் சாட்சியம் என்று தலைப்புக் கொடுங்கள். ஒரு மாணவர் இராமநாதனாக நிற்கட்டும், சிறுபான்மையின் அச்சத்தை முழு வலுவோடு சொல்லட்டும், அதைக் கேலிச்சித்திரமாக்கக் கூடாது. இன்னொருவர் குணசிங்கவாகவோ ஆக்னஸ் டி சில்வாவாகவோ வரட்டும். மூன்றாவதாக ஒரு மாணவி, மருதனார்மடக் கல்லூரியில் 1913-இல் எட்டு வயதில் சேர்ந்த பெண்ணாகப் பேசட்டும். ஆணையம் வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு. அவளை யாரும் சாட்சியம் சொல்ல அழைக்கவில்லை.

அந்தப் பாத்திரத்தை ஏற்கும் மாணவி கொஞ்சம் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். பெண்களுக்கு 30 வயதில்தான் வாக்கு என்று ஆணையம் பரிந்துரைத்தது, பிறகு அது ஆண்களைப் போலவே 21 என்றாயிற்று. 1931-இல் வாக்காளர் எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டியது. 1932-இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப்பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குள் போனார். இராமநாதன் இறந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து அந்தப் பெண்ணால் 1931-இல் வாக்களிக்க முடியவில்லை. முழுச் சுயராஜ்யம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று, சாதியை எதிர்த்த, காந்தியை நேசித்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கலாகவில்லை. முதியவர் ஒருவர் தகுதியில்லை என்று மறுத்த வாக்கை, இளைஞர்கள் போதாது என்று ஒதுக்கினார்கள். 1934-இல் இடைத்தேர்தல் நடந்தபோதுதான் அவள் முதன்முதலில் வாக்குச்சாவடிக்குப் போயிருக்க முடியும், இருபத்தொன்பது வயதில்.